ஒரு சட்டப்பிரிவின் தடம் பிடிப்பது எப்படி: மசோதா முதல் அரசிதழ் வரை

2024 ஜனவரி முதல் வாரம். நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருக்கும் மாமா போன் செய்தார். "மாப்ள, ஆக்சிடென்ட் ஆனா டிரைவருக்குப் பத்து வருசம் செயிலாம், ஏழு லட்சம் அபராதமாம். வாட்ஸ்அப் பூரா அதேதான் ஓடுது. நெசமா?"

"பாத்துச் சொல்றேனுங்க மாமா" என்று வைத்துவிட்டேன். வடக்கே லாரிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்த நேரம் அது. வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். சட்டம் தேடி எடுப்பதுதான் பிழைப்பு. இருந்தும், ஒரே ஒரு உட்பிரிவைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஒரு மணி நேரம் பிடித்தது. ஏனென்றால் நம் நாட்டில் ஒரு சட்டம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மசோதா ஒரு தளத்தில், குழு அறிக்கை இன்னொன்றில், சட்டமானபின் அரசிதழில், திருத்தங்களோடு சேர்த்த வடிவம் வேறொன்றில். எல்லாமே இலவசம், யாரும் பார்க்கலாம். எந்தக் கேள்விக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மாமா கேட்ட அந்தப் பிரிவையே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)-ஐ, கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தளமாகப் போவோம்.

முதலில்: கையில் இருக்கும் தாள் எது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திருத்தச் சட்டத்தை அச்செடுத்து சீனியரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "தம்பி, இது சட்டமில்ல, மசோதா. உள்ள என்ன மாறியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?" தெரியவில்லை. கூகுளில் முதலில் வந்த பி.டி.எஃப்.பை எடுத்திருந்தேன்.

முதல் பக்கத்திலேயே ஜாதகம் இருக்கிறது. மேலே 'ஆஸ் இன்ட்ரொட்யூஸ்டு இன் லோக் சபா' என்று இருந்தால் அது அறிமுக நிலை மசோதா. 'ஆஸ் பாஸ்டு பை லோக் சபா' என்று தேதியோடு இருந்தால் மக்களவையைத் தாண்டியது. மசோதா எண்ணின் பின்னால் 'சி' என்ற எழுத்தும் ஒட்டியிருக்கும். எண் ரோமன் எழுத்தில் இருந்தால் மாநிலங்களவையில் பிறந்த மசோதா. 'ஆக்ட் நம்பர்' என்றும், கீழே சதுர அடைப்புக்குள் ஒரு தேதியும் இருந்தால்தான் அது சட்டம். அந்தத் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நாள். மசோதாவில் இருக்கும்போது 'கிளாஸ்', சட்டமானதும் 'செக்‌ஷன்'. நாளிதழ்கள் இரண்டையும் 'பிரிவு' என்றே எழுதுவதால் எண்கள் குழம்பும்.

106(2) விஷயத்தில் அந்தக் குழப்பம் நிஜமாகவே நடந்தது. அது முதலில் 104(2)-ஆக இருந்தது.

சன்சத் தளத்தில் மசோதாவைப் பிடிப்பது

நாடாளுமன்றத்தின் தளம் சன்சத் டாட் இன். உள்ளே மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனி வாசல். மக்களவை வாசலில் 'லெஜிஸ்லேஷன்' என்ற பகுதிக்குள் மசோதாக்கள் பட்டியல் இருக்கும். வருடம், அமைச்சகம், அரசு மசோதாவா தனிநபர் மசோதாவா, இப்போதைய நிலை என்ன என்று வடிகட்டிக்கொள்ளலாம்.

தேடும்போது முழுப் பெயரைத் தட்டாதீர்கள். இரண்டு சொல் போதும். இந்தச் சட்டத்துக்கு 2023-ல் இரண்டு மசோதாக்கள் உண்டு. ஆகஸ்ட் 11 அன்று அறிமுகமானது 121-ஆம் எண் மசோதா. அது டிசம்பர் 12 அன்று திரும்பப் பெறப்பட்டு, அன்றைக்கே புதியது, 173-ஆம் எண், அறிமுகமானது. புதியதின் பெயர் 'பாரதிய நியாய (செகண்ட்) சன்ஹிதா'. அந்த 'செகண்ட்' பெயரின் நடுவில் அடைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. முழுப் பெயரையும் ஒட்டித் தேடினால் செத்துப்போன முதல் மசோதாதான் கிடைக்கும். அதைப் படித்துவிட்டுச் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் மசோதாவின் 104(1)-ல், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. இரண்டாவதில் அது 106(1), ஐந்து ஆண்டு. முதல் மசோதாவின் 104(2), எந்தக் கவனக்குறைவான செயலால் மரணம் நேர்ந்தாலும் இடத்தைவிட்டு ஓடினாலோ போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாவிட்டாலோ பத்து ஆண்டு வரை என்றது. இரண்டாவதில் அது வாகனம் ஓட்டியதால் நேர்ந்த மரணத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. அபராதம்? 'அபராதத்துக்கும் உள்ளாவார்' என்று மட்டும்தான். ஏழு லட்சம் என்ற தொகை எங்கும் இல்லை.

மசோதாவின் வாலையும் படியுங்கள். பலர் பிரிவுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் நோக்க காரண விளக்கம் இருக்கும். அது அமைச்சர் கையெழுத்தோடு வரும் விளம்பரம் மாதிரி, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கப்புறம் வரும் 'மெமோராண்டம் ரிகார்டிங் டெலிகேட்டட் லெஜிஸ்லேஷன்' தான் எனக்குப் பிடித்த பக்கம். எந்தெந்த விஷயத்தை நாடாளுமன்றத்துக்கு வராமல் அரசே விதி போட்டு முடித்துக்கொள்ளலாம் என்பதை அங்கே ஒப்புக்கொண்டிருப்பார்கள். திருத்த மசோதாவாக இருந்தால் இன்னும் பின்னால் ஓர் இணைப்பு உண்டு. மாறப்போகும் பழைய பிரிவுகள் அதில் அப்படியே அச்சாகியிருக்கும். 'இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல்' என்று மொட்டையாக எழுதிய திருத்தம் அதை வைத்துப் படித்தால்தான் விளங்கும்.

மசோதாவின் நிலை என்ற கட்டத்தில் 'லாப்ஸ்டு' என்று பார்த்தால் அது தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருந்தவையும், அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருந்தவையும் காலாவதியாகும். மாநிலங்களவையில் நிலுவையில் இருந்து மக்களவையால் இன்னும் நிறைவேற்றப்படாதவை பிழைத்துக்கொள்ளும்.

குழு அறிக்கை: வாசல் மாறும் இடம்

ஏழு ஆண்டு ஏன் ஐந்தானது என்பதற்கு மசோதாவில் பதில் கிடையாது. முதல் மசோதா, இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய உள்துறைக்கான நிலைக்குழுவுக்குப் போனது. குழுவின் 246-வது அறிக்கை 2023 நவம்பர் 10 அன்று அளிக்கப்பட்டது. ஏழு ஆண்டை ஐந்தாக்கச் சொன்னது அந்தக் குழுதான்.

அறிக்கையைத் தேடும்போது ஒரு சூட்சுமம். மசோதா மக்களவையில் அறிமுகமானது என்பதால் எல்லோரும் மக்களவை வாசலிலேயே தேடுவார்கள், கிடைக்காது. துறைவாரி நிலைக்குழுக்கள் மொத்தம் 24. அதில் 16 மக்களவைச் செயலகத்தின் கீழ், 8 மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ். உள்துறைக் குழு மாநிலங்களவைப் பக்கம். ஆகவே மாநிலங்களவை வாசலில் 'கமிட்டீஸ்' பகுதிக்குப் போக வேண்டும். ஒரு அறிக்கை கிடைக்கவில்லை என்றால் முதலில் அடுத்த அவையின் வாசலைத் தட்டிப் பாருங்கள், அப்புறம் அறிக்கையே இல்லை என்று முடிவு செய்யலாம்.

அறிக்கையில் எனக்குப் பயன்படுவது பரிந்துரைகள் மட்டுமல்ல. மாற்றுக் கருத்துக் குறிப்பு இணைப்பாக வந்திருக்கும். உடன்படாத உறுப்பினர்கள் என்ன எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். யார் யார் சாட்சியம் அளித்தார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும்.

அவை விவாதம்

மருத்துவர்கள் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 106(1)-ல், சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரின் கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று ஒரு வரி இருக்கிறது. டிசம்பர் 12 அன்று அறிமுகமான மசோதாவில் அது இல்லை. டிசம்பர் 20 அன்று மக்களவையில் அரசே கொண்டுவந்த திருத்தம் அது. அறிமுக மசோதாவை மட்டும் படித்தவர் இந்த வரியைப் பார்த்திருக்கவே முடியாது. என் சீனியர் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறதா?

விவாதங்கள் சன்சத் தளத்தில் தேதிவாரியாக இருக்கின்றன. பழையவை வேண்டுமானால் நாடாளுமன்ற மின்னூலகம், ஈபார்லிப். அங்கே 1952 முதலான மக்களவை விவாதங்களும், அதற்கு முந்தைய அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் உண்டு. பெயர் வைத்துத் தேடுவதைவிடத் தேதி வைத்துத் தேடுவது பலிக்கும். மசோதா பட்டியலில் 'நிறைவேறிய நாள்' என்ன என்று பார்த்து, அந்த நாளின் விவாதத்தைத் திறந்தால் போதும்.

நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழில் பேசிய பேச்சை மக்களவைப் பதிவில் தமிழ்ச் சொல் போட்டுத் தேடினால் சிக்காது. 'தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்று நட்சத்திரக் குறியோடு ஆங்கிலத்தில்தான் இருக்கும். இன்னொரு நட்சத்திரமும் உண்டு: பேச்சின் நடுவே வரிகள் போய்க் குறி மட்டும் நின்றால், அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது அல்லது பதிவேறாதது.

டிசம்பர் 20 விவாதத்தைத் திறந்தால் தமிழ்நாட்டு உறுப்பினர்களின் குரல் ஏன் இவ்வளவு குறைவு என்று தோன்றும். அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். நம்மவர்கள் பலரும் அதில் அடக்கம். தரவுத்தளம் அதைத் தானாகச் சொல்லாது. முந்தைய நாட்களின் நடவடிக்கைகளைப் புரட்டினால்தான் தெரியும்.

அரசிதழ்: இரண்டு முறை போக வேண்டிய இடம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மத்திய அரசிதழின் தளம் ஈகெஜட் டாட் ஜிஓவி டாட் இன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி மின்னணு அரசிதழில் வந்தாலே வெளியானதாகப் பொருள். ஆகவே இந்தப் பி.டி.எஃப். நகல் அல்ல, அதுவே அசல். நீதிமன்றத்தில் நான் வைப்பது இதைத்தான்.

அரசிதழுக்குள் அறைகள் உண்டு. நமக்கு வேண்டியவை பெரும்பாலும் இரண்டாம் பாகத்தில்: முதல் பிரிவில் சட்டங்கள், இரண்டாம் பிரிவில் மசோதாக்கள், மூன்றாம் பிரிவின் (i)-இல் 'ஜி.எஸ்.ஆர்.' எண்ணோடு வரும் விதிகள், (ii)-இல் 'எஸ்.ஓ.' எண்ணோடு வரும் ஆணைகள், அறிவிக்கைகள். எண்ணுக்குப் பின்னால் 'இ' என்ற எழுத்து இருந்தால் சிறப்பு வெளியீடு, அதாவது வாராந்திர இதழுக்குக் காத்திராமல் வந்தது. முக்கியமானவை எல்லாமே அப்படித்தான் வரும்.

முதல் முறை போவது சட்டத்தை எடுக்க. மாநிலங்களவை டிசம்பர் 21 அன்று நிறைவேற்றியது. டிசம்பர் 25 அன்று ஒப்புதல். 2023-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் சட்டமாக அரசிதழில் வந்தது. அமைச்சகம் வைத்துத் தேடுகிறீர்கள் என்றால் உள்துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சட்டங்களை வெளியிடுவது சட்டம் மற்றும் நீதி அமைச்சகம். தேதி வரம்பைச் சுருக்கி, பாகம் 2, பிரிவு 1 என்று தேர்ந்தெடுத்தால் உடனே வரும்.

ஜனவரியில் மாமாவுக்கு நான் சொன்னது இந்தத் தாளை வைத்துத்தான். "பத்து வருசம் வரைக்கும்னு இருக்குதுங்க மாமா, ஆனா நிறுத்தாம, சொல்லாம ஓடிப்போனாத்தான். ஏழு லட்சம்னு எங்கயும் எழுதலைங்க. இன்னும் அமலுக்கும் வரலைங்க."

"சட்டம் போட்டாச்சுங்கற, அமலுக்கு வரலங்கற. அதெப்படி?"

அதற்குப் பதில் சட்டத்தின் முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கும். பல சட்டங்கள் ஒப்புதல் கிடைத்த அன்றே உயிர் பெறுவதில்லை. 'மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் அமலுக்கு வரும். வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கலாம்' என்று எழுதியிருந்தால், அந்த அறிவிக்கை வரும்வரை அது அச்சில் மட்டும் இருக்கும் சட்டம்.

அந்த அறிவிக்கைக்காகத்தான் இரண்டாம் முறை போவது. இந்த முறை அமைச்சகம் உள்துறை. பாகம் 2, பிரிவு 3(ii). 2024 பிப்ரவரி 23 தேதியிட்ட அறிவிக்கை கிடைக்கும். சின்னத் தாள், ஒரே வாக்கியம்: 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் அமலுக்கு வருகின்றன, 106-ஆம் பிரிவின் (2)-ஆம் உட்பிரிவு நீங்கலாக. லாரிக்காரர்களின் வேலைநிறுத்தம் சாதித்தது அந்த 'நீங்கலாக' என்ற சொல்லைத்தான். ஜனவரி 2 அன்று உள்துறைச் செயலர் அவர்களிடம், கலந்து பேசிய பிறகே அமல்படுத்துவோம் என்று சொன்னது செய்தி. சட்டப்படி அதற்கு எடை வந்தது இந்தத் தாளில்தான்.

சட்டப் புத்தகத்தில் 106(2) இன்றும் அச்சாகித்தான் வருகிறது. அறிவிக்கையைப் பார்க்காதவர் அது அமலில் இருப்பதாகவே வாதாடுவார். உங்கள் பிரிவுக்கு இப்போது என்ன நிலை என்று அறிய, அந்த அமைச்சகத்தின் பின்னால் வந்த அறிவிக்கைகளையும் ஒரு முறை தேடிப் பார்ப்பது அவசியம்.

இந்தியா கோட்

அமலில் இருக்கும் சட்டத்தைத் திருத்தங்கள் சேர்த்த வடிவில் படிக்க இந்தியா கோட் என்ற அரசுத் தளம். மத்தியச் சட்டங்களோடு மாநிலச் சட்டங்களும் அங்கே உண்டு. பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டும். கீழே விதிகள், அறிவிக்கைகள், ஆணைகள் என்று தனித்தனிப் பக்கங்கள் இருக்கும்.

அடிக்குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'சப்ஸ். பை ஆக்ட் 13 ஆஃப் 2013', அதையடுத்து 'டபிள்யூ.இ.எஃப். 3-2-2013' என்று இருந்தால், 2013-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டத்தால் மாற்றப்பட்டது, 2013 பிப்ரவரி 3 முதல் செல்லும் என்று பொருள். 'இன்ஸ்.' என்றால் நுழைக்கப்பட்டது. குற்ற வழக்கில் இது உயிர் நாடி: சம்பவம் நடந்த நாளில் அந்தப் பிரிவு எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி, இன்று எப்படி இருக்கிறது என்பதல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டமும் அதனால்தான் இன்னும் தேவைப்படுகிறது. 2024 ஜூன் 30 வரை நடந்த சம்பவத்துக்கு அதுதான் பொருந்தும்.

நீதிமன்றம் ஒரு பிரிவை ரத்து செய்தால் எழுத்து தானாக அழிந்துவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்றது. ஆனாலும் வருடக்கணக்கில் அதன்கீழ் வழக்குகள் பதிவாகி, 2021-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் அந்த விஷயம் மறுபடி வந்தது. சட்ட வாசகம் புத்தகத்தில் அப்படியே நின்று, ரத்தானது அடிக்குறிப்பில் மட்டும் இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக அப்போது சொல்லப்பட்டது.

தமிழ்நாட்டுச் சட்டம் என்றால்

இங்கே பெயரே ஒரு வில்லங்கம். 'குண்டர் சட்டம்' என்று ஊரே சொல்வதற்கு அரசிதழ்ப் பெயர் ஒரு முழு மூச்சு நீளம். கள்ளச்சாராயக்காரர், போதைமருந்துக் குற்றவாளி, குண்டர் என்று தொடங்கி, பிற்பாடு வனக் குற்றம், வீடியோ திருட்டு, மணல் கொள்ளை, இணையக் குற்றம், பாலியல் குற்றம் ஒவ்வொன்றாகச் சேரச் சேர சட்டத்தின் தலைப்பே வளர்ந்துகொண்டு போனது. பழைய தலைப்பை அப்படியே போட்டால் சிக்காது. எண்ணைப் போடுங்கள்: 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தமிழ்நாடு சட்டம். எண் மாறாது. 'மெட்ராஸ்' என்று தொடங்கிய பழைய சட்டங்களையும் இதே மாதிரி எண்ணும் ஆண்டும் வைத்தே தேட வேண்டும், பெயர்கள் மாறிவிட்டன.

நம் பேரவையில் மசோதாவைச் சட்டமுன்வடிவு என்பார்கள். எண்ணுக்கு முன்னால் 'எல்.ஏ. பில்' என்று வரும். மாநில அரசிதழை எழுதுபொருள் அச்சுத்துறையின் தளத்தில் எடுக்கலாம். அங்கே பார்க்க வேண்டியது நான்காம் பாகம்: சட்டமுன்வடிவுகளும் சட்டங்களும் அதில்தான்.

ஒப்புதல் தேதி என்ற கட்டம் இங்கே எவ்வளவு சுவாரஸ்யமானது என்பதற்கு 2025 ஏப்ரலில் வந்த பத்துச் சட்டங்களைப் பாருங்கள். ஆளுநர் கையெழுத்து இல்லை. உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 8 அன்று அளித்த தீர்ப்பின்படி, 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்பட்டு அரசிதழில் ஏறியவை அவை. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு அரசியல் சாசன அமர்வு சொன்ன கருத்து, அப்படி 'கருதப்படும் ஒப்புதல்' கூடாது என்றது. ஒரு தேதிக்குப் பின்னால் இவ்வளவு கதை.

இன்னும் சில

நாடாளுமன்றக் கேள்விகளை மறந்துவிடாதீர்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாதவை. அவையில் வாய்மொழியாகப் பதில் வருவது நட்சத்திரக் கேள்விக்குத்தான். ஆனால் மாநிலவாரிப் புள்ளிவிவர அட்டவணைகள் கிடைப்பது பெரும்பாலும் மற்றதில். அமைச்சகம், கூட்டத்தொடர் வைத்துத் தேடிப் பாருங்கள். தகவல் உரிமை மனு போட்டுக் காத்திருக்க வேண்டியது இரண்டு நிமிடத்தில் கிடைத்ததுண்டு.

இவ்வளவு அலைய நேரமில்லை என்றால் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் தளத்தில் ஆரம்பியுங்கள். அரசு சாராதது, 2005-ல் தொடங்கியது. ஒரு மசோதாவின் வாசகம், குழு அறிக்கை, சுருக்கம் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். நானும் பல நாள் அங்கேதான் தொடங்குகிறேன். மேற்கோள் காட்டும்போது மட்டும் அரசிதழுக்குப் போய்விடுவேன்.

கிடைத்த கோப்பை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மக்களவையின் பழைய முகவரி மாறி எல்லாம் சன்சத் டாட் இன்னுக்கு வந்தபோது, பழைய கட்டுரைகளில் இருந்த இணைப்புகள் பல வெறும் சுவரில் முட்டின. கோப்பின் பெயரில் ஆண்டு, எண், நிலை மூன்றையும் எழுதுவேன்: '2023-173-அறிமுகம்', '2023-45-அரசிதழ்', '2024-02-23-அமல்'. மாமாவுக்கு அனுப்பியது மூன்றாவதை. அதை அவர் லாரி ஷெட் சுவரில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறார், அந்த 'நீங்கலாக'வுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு போட்டு.